வலது பின்சக்கரம்

இடப்பக்கம்தான் என்றார் ரோசாமெல்.
சத்தியம் செய்யாத குறை.
இடது பின்சக்கரம், எர்சீரா,
உள்ளே யாரோ உட்கார்ந்து
ஈர மரத்தை இழைக்கிறார்கள்,
மூன்று வாரமாய்.

மூன்று வாரமா?

கொட்டகைக்கு வெளியே மழையைப் பார்த்தார்.
மூன்று மாதம்.
ரேடியோவைக் கூட்டி வைத்திருந்தேன்.

கின்ச்சாவோ தீவில் எல்லாரும் இப்படித்தான்
என்னிடம் வருகிறார்கள்.
ரேடியோ தோற்ற பிறகு.

உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கச் சொன்னேன்.
எட்டு. கதவோரம் வைத்தார், நனையாமல்.
சாவியை வாங்கினேன்.
இரண்டு கண்ணாடிகளையும் இறக்கினேன்,
மழை மடியில் வந்து உட்கார்ந்தது.

சரளைச் சாலையில் எதையும் கேட்க முடியாது.
சரளை எல்லாச் சத்தத்தையும்
தன் சத்தமாக்கிக்கொள்ளும்.
தேவாலயத்தை ஒட்டிய தார்ச்சாலைக்குப் போனேன்.
மரச்சில்லு வேய்ந்த நீளச் சுவர் அங்கே.
சந்தேகம் வந்தால் சுவரை ஒட்டி ஓட்டுவேன்.
சுவர் பொய் சொல்லாது,
கேட்டதைக் கேட்டபடி திருப்பித் தரும்.

சுவர் இடப்புறம் வரப் போனேன்:
டயர், தண்ணீர், வேறொன்றும் இல்லை.
திரும்பி வந்தேன், சுவர் வலப்புறம்:
ஸ்ஸ்ர்
ஸ்ஸ்ர்
ஸ்ஸ்ர்

முன்னிருக்கையில் உட்கார்ந்தவனுக்கு
முதுகுக்குப் பின்னால் நடப்பது
எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்?
அவரைக் குறை சொல்லவில்லை.

பிரேக்கை லேசாக மிதித்தேன், மாறவில்லை.
வளைவில் சாய்த்தேன்.
பேரிங் என்றால் அங்கே முனகல் ஏறி இறங்கும்.
ஏறவில்லை.
ஹேண்ட் பிரேக்கை ஒரே ஒரு பல் தூக்கினேன்,
உரசல் தடித்தது.
சரி. இனி உன்னைத் தெரியும்.

நிறுத்தி இறங்கி
உள்ளங்கையைக் காட்டினேன்.
இடது சக்கரம் மழையின் குளிர்.
வலதில் விழுந்த துளி
விழுந்த இடத்திலேயே காய்ந்தது.

கொட்டகையில் முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்து
பின்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றினேன்.
கையால் சுழற்றியபோது
இடது ஐந்து சுற்று போய் ஓய்ந்தது.
வலது அரைச் சுற்று,
பிறகு சந்தைக்கு வர மறுக்கும் மாடு.

டிரம்மைக் கழற்றினால் கரித்தூள்.
பிரேக் ஷூவில் மிச்சமிருந்தது
வெள்ளரித் தோலின் கனம்.
கேபிளைத் தொடர்ந்து போனேன்.
உறைக்குள் கடலுப்பு, துரு.
இழுத்தால் போகிறது.
விட்டால் திரும்ப மாட்டேன் என்கிறது.

இவ்வளவு பலமாக எதற்கு இழுக்கிறீர்கள்?

கையைத் துடைத்தார், அழுக்கே இல்லாத கையை.
படகில், என்றார்.
தல்காவே துறையில், போன மார்ச் மாதம்,
சரிவில் வண்டி பின்னால் உருண்டது.
பின்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண்,
ரொட்டி தின்றுகொண்டு நின்றாள்.
அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
ஒரு சாண், எர்சீரா.
அன்றிலிருந்து இரண்டு கையாலும் இழுக்கிறேன்.

தினம் இரண்டு முறை படகு.
நான் ஸ்பேனரைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

புதுக் கேபிள் புவெர்த்தோ மோன்த்திலிருந்து
வியாழக்கிழமை வரும், காற்று விட்டால்.
ஷூவும் அதோடு.
அதுவரை பழைய கேபிளை அவிழ்த்து விடுகிறேன்,
ஹேண்ட் பிரேக்கைத் தொடாதீர்கள்,
கியரில் போட்டு நிறுத்துங்கள், மெதுவாய்ப் போங்கள் என்றேன்.

அவர் அசையவில்லை.
என்னைச் சரிவில் நிறுத்திவிட்டு
ஒன்றும் பிடிக்காதே என்கிறாய்.

விறகுக் குவியலில் லூமா மரம் கிடந்தது,
கோடரியையே திருப்பி அனுப்பும் மரம்.
இரண்டு ஆப்பு செதுக்கிக் கொடுத்தேன்.
மோந்து பார்த்துவிட்டு
கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார்.
மூட்டைகளை நானே ஏற்றினேன்.

மாலை ஐந்தரைக்குப் போன்.
பின்னால் படகின் எஞ்சின், காற்று.

ஆப்பு வைத்தேன்.
சரி.
கியரில் போட்டேன்.
சரி.
பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.
எடுக்க வேண்டாம்.
பின்னால் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்தேன்.
நிற்கிறார்களா?
ஒரு நாய்.

கொஞ்ச நேரம் இருவரும்
அந்த நாயைப் பற்றி யோசித்தோம்.

வழியெல்லாம் சத்தமே இல்லை, எர்சீரா.
ரேடியோ போடட்டுமா?

வியாழன்வரை வேண்டாம் என்றேன்.
கேட்டுக்கொண்டே போங்கள்.